சொரசொரப்பின் மேல் எழுதுதல்

படகின் தளத்துக்குப் பூசுகிற பூச்சு அது.
ஈரக்கால் வழுக்காமலிருக்க
மணல் கலந்து உருட்டுவார்கள்.
கொட்பே துறைமுகத்தில் வேலைசெய்யும் தம்பி
மிச்ச வாளியைக் கொண்டுவந்து
ஜெசிந்தாவின் பஜாஜ் டாங்கியில்
துருவுக்கு மேலால் இரண்டு கோட் உருட்டிவிட்டான்.
கறுப்பு. முதலைத் தோல்.
உப்புக் காற்றுக்கு இனிப் பல் இறங்காது என்கிறாள்.
அதன்மேல் எழுத வேண்டுமாம்.

உட்துறைமுக வீதியில் என் கடை.
கடை என்றால் நாலு தகரம், ஒரு கம்பிரசர்,
வெயில் திரும்பத் திரும்ப நானும் இழுத்துப்போடும் ஒரு வாங்கு.
பஸ்ஸுக்கு, ஓட்டோவுக்கு, ஒருமுறை ஐஸ்கிரீம் வண்டிக்கு,
இரவோடிரவாகத் தேர்தல் மதிலுக்கு
எழுதியிருக்கிறேன்.
மணலில் எழுதியதில்லை.
அது டச்பே கரையில் பிள்ளைகளின் வேலை.

என்ன எழுத?
மகன் பெயரா, மாதா பெயரா, 'கடவுள் துணை'யா?
நாற்பத்தெட்டு, என்றாள்.
இலக்கத்தில். இரண்டு பக்கமும்.
மிதவையின் செம்மஞ்சள் நிறத்தில்.
விளிம்போடு மெல்லிய கோடு ஒன்று, மட்காட் வரை.

வயதாக இராது. முப்பதைத் தாண்டியிருப்பாள், அவ்வளவுதான்.
வீட்டிலக்கமோ?
இல்லை, ரேஸ் ஓடுகிறாளா
கருவாட்டுப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு
நிலாவெளி ரோட்டில்?
கேட்கவில்லை. விலையை மட்டும் பேசினேன்.

முதல் நாள்
நாடாவை வெட்டி ஒட்டி, நகத்தால் அழுத்தி,
செம்மஞ்சளை ஊதினேன்.
உரித்துப் பார்த்தால்
நாலுக்குக் கால்கள் முளைத்திருக்கின்றன.
எட்டு, மழையில் நனைந்த கோழி.
நாடா மேடுகளில் மட்டும் குந்தியிருக்கிறது,
பெயின்ட் பள்ளத்தால்
சுங்கம் கட்டாமல் உள்ளே போகிறது.

தின்னர். பழைய பல்துலக்கி.
பகல் முழுக்க ஓர் எண்ணைத்
தோண்டி எடுத்தேன் கறுப்புக்குள்ளிருந்து.
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று வந்து
வாளியை முகர்ந்து தும்மிவிட்டுப் போனது.
அதன் அபிப்பிராயம் அது.

இரவு படுக்கையில்தான் பிடிபட்டது.
காலையில் நாடாவை ஒட்டி
அதன் ஓரத்துக்கு முதலில் கறுப்பையே பூசினேன்,
டாங்கியின் அதே கறுப்பு.
கசிவதானால் அது கசியட்டும்.
கறுப்புக்குள் கறுப்பு கசிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?
பள்ளங்கள் அடைபட்டன.
காய்ந்தபின் செம்மஞ்சள்,
ஊதாமல், கட்டைத் தூரிகையால் குத்திக் குத்தி.

மூச்சை அடக்கி உரித்தேன்.
நேர்.
அதாவது, இரண்டடி தள்ளி நின்றால் நேர்.
கிட்டப் போனால்
வரைபடத்தில் எங்கள் ஊர்க் கரை.

பின்னேரம் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
விரலால் எட்டைச் சுற்றி வந்தாள், இரண்டு முறை.
பெட்டியைத் திறந்து
கருவாட்டு மணத்தோடு ஒரு கடிதம் எடுத்தாள்:
லீசிங் கொம்பனி. முத்திரை. நிலுவை இல்லை.

"நாலு வருசம். நாற்பத்தெட்டுத் தவணை.
பெற்றோலுக்கு வரிசையில நிண்ட காலமும் அதுக்குள்ளதான்.
ரெண்டு தரம் தூக்க வந்தவங்கள்.
தம்பியின்ர படகுக்குள்ள ஏத்தி
வலையால மூடி வைச்சனான்."

எட்டின் கீழ்ச் சுழியில்
பெயின்ட் இறங்காத ஐந்தாறு கறுப்புப் புள்ளிகள்.
ஊசித் தூரிகையை எடுத்தேன்.
"விடுங்கோ.
சில மாசம் நானும் பிந்தித்தான் கட்டினனான்."

கூலியை எண்ணித் தந்தாள்,
முழுதாக, ஒரே தரத்தில்.
சோதனைச் சாவடியில் என்ன நம்பர் என்று கேட்டால்
சொல்லமாட்டாளாம்.
உதைத்தாள். முதல் உதைக்கே பிடித்தது.

மிச்சச் செம்மஞ்சளை
மூடி தட்டி, பொலித்தீன் சுற்றி, கயிற்றால் இறுக்கினேன்.
காற்றுப் புகாவிட்டால்
பதினேழு மாதம் தாங்குமோ தெரியாது.

தகரத்துக்குப் பின்னால் நிற்கிறது என்னுடையது,
வழுவழுப்பான டாங்கியோடு.
வீதியிலிருந்து பார்த்தால்
தெரியாது.